கதிரை தூக்கியவர்களுக்கும் கேற்றைத் திறந்தவருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

யாழ் பல்கலைக்கழக ஆசிரியராகவும் மனித உரிமைகளுக்காகக் குரல் கொடுத்தவராகவும் இருந்த ராஜினி திராணகமவின் முப்பத்தைந்தாவது நினைவுக் கூட்டத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு இந்த மடல். நன்றி மடல் என்றால் பெயர்கள் வரிசையாக வரவேண்டும். இதில் ஒருவருடைய பெயரும் வராது. "பெயரைப் போடலாமா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தோம். பாதிப்பேர் "உதெல்லாம் எதுக்கு" என்று சிரித்தார்கள். மற்றப் பாதிப்பேர் சிரிக்காமல் "வேண்டாம் பிள்ளை" என்றார்கள். முப்பத்தைந்து வருடம் கழிந்தும் அந்த "வேண்டாம் பிள்ளை" இந்த ஊரை விட்டுப் போகவில்லை. சரி, இருக்கட்டும். சிலருடைய பெயரை மட்டும் போட்டால் விடுபட்டவர் யார் என்று தேடத் தொடங்குவார்கள். ஆகவே செய்ததை மட்டும் சொல்கிறேன், உங்களை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

கலாநிதி ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டது 1989 செப்டெம்பர் 21ஆம் தேதி. 2024இல் அதே தேதியில் ஜனாதிபதித் தேர்தல் வந்துவிட்டது, இரவு ஊரடங்கு வேறு. அதனால் ஒரு கிழமை தள்ளி, 28ஆம் தேதி சனிக்கிழமை பின்னேரம் என்று முடிவெடுத்தோம். இடம் தருவதாகச் சொல்லியிருந்தவர்கள் மூன்று நாளைக்கு முன் தொலைபேசி எடுத்து, "இப்ப நிலைமை தெரியும்தானே, பிறகு ஒரு நாளைக்குப் பார்ப்பம்" என்றார்கள். எந்த நிலைமை என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அந்த இரவுதான் ரீச்சரிடம் போனோம். ஓய்வு பெற்றுப் பல வருடமாகிவிட்டது, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தனியாக இருக்கிறார். வேறு ஏதாவது மண்டபம் தெரியுமா என்று கேட்கத்தான் போனோம். அவர் விறாந்தை லைற்றைப் போட்டு முற்றத்தைக் காட்டினார். வேப்பமரத்துக்குக் கீழே அறுபது கதிரை போடலாம் என்று அவரே கணக்கும் சொன்னார். யோசித்துச் சொல்லுங்கோ ரீச்சர், பிறகு யாராவது வந்து கேட்டால் என்ன செய்வீர்கள் என்று இழுத்தேன். "அண்டைக்கு வெடிச் சத்தம் கேட்டது. நான் கேற்றைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கை இருந்தனான். எங்கட ஒழுங்கையிலை எல்லாரும் அப்பிடித்தான்" என்றார். அதற்கு மேல் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. பிளேன்ரீ போடப் போய்விட்டார். சனிக்கிழமை விடியக் காலையிலேயே அந்தக் கேற்றை இரண்டு பக்கமும் அகலத் திறந்து, காற்றுக்குச் சாத்தாமல் கல் வைத்திருந்தார். ரீச்சர், உங்களுக்கு எப்படி நன்றி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது சைக்கிள் கடை அண்ணை. ராஜினி பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளில் போய் வந்தவர், சைக்கிளில் வீடு திரும்பும்போதுதான் சுடப்பட்டார். அதனால் பல்கலைக்கழக வாசலிலிருந்து ரீச்சர் வீடு வரைக்கும் சைக்கிளிலேயே போவோம் என்று யாரோ ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டிவிட்டோம். ஆட்டின பிறகுதான் பாதிப்பேரிடம் சைக்கிள் இல்லை என்பது ஞாபகம் வந்தது; இப்போது எல்லோரும் ஸ்கூட்டிதானே. அண்ணை ஏழு லேடீஸ் சைக்கிள்களுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வரிசையாக நிறுத்தியிருந்தார். வாடகை பேசப் போனேன், "அந்த டொக்டரம்மாவுக்கோ?" என்று மட்டும் கேட்டார். இராமநாதன் வீதியில் நாங்கள் இருபது பேர் மெதுவாக மிதித்துப் போனபோது, பின்னால் ஹோர்ன் அடிக்காமல் வந்த பஸ் ட்ரைவருக்கும் நன்றி. யாழ்ப்பாணத்தில் இது சின்ன விஷயமில்லை.

வந்தவர்களில் பலர் இளம் பிள்ளைகள், ராஜினி யாரென்று கேள்விப்பட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அவர்களுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி ஒளிப்பிரதி எடுத்தோம். 1954இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கொழும்பில் மருத்துவம் படித்தவர், தயாபால என்ற சிங்களத் தோழரை மணந்தவர், யாழ் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் என்றெல்லாம் அதில் இருந்தது. லிவர்ப்பூலில் மேற்படிப்பு முடித்தவர் அங்கேயே இருந்திருக்கலாம், திரும்பி வந்தார். 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கச் சண்டை தொடங்கிய பிறகு, மூடிக் கிடந்த பல்கலைக்கழகத்தை மறுபடி திறக்கவைக்க அலைந்தவர்களில் அவர் முன்னால் நின்றார். பாதிக்கப்பட்ட பெண்களிடம் போயிருந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். பூரணி பெண்கள் இல்லத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பும் சகாக்கள் மூவருடன் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை'யும் அந்த அலைச்சலின் பலன்கள். இராணுவமோ இயக்கங்களோ, யார் செய்தாலும் செய்ததைச் செய்தது என்று எழுதினார்கள். நூல் 1990இல் அச்சில் வந்தபோது அவர் இல்லை, முப்பத்தைந்து வயதில் போய்விட்டார். விடுதலைப் புலிகள்தான் கொன்றார்கள் என்று அவருடைய குடும்பத்தாரும் சகாக்களும் சொல்லி வருகிறார்கள். இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்தக் கடைசி இரண்டு வசனங்களைப் போடுவதா விடுவதா என்று எங்களுக்குள் இரவிரவாகச் சண்டை. போட்டோம். அதை அப்படியே ரைப் பண்ணி, அறுபது பிரதி எடுத்து, காசு வாங்காமல் ஒரு பழைய பேப்பரில் சுற்றித் தந்த கொப்பிக் கடைத் தம்பிக்கு நன்றி. "அக்கா, மூண்டாவது பந்தியிலை ஒரு எழுத்துப் பிழை, திருத்திப்போட்டன்" என்றும் சொன்னான். முழுவதும் வாசித்திருக்கிறான்.

அவரிடம் படித்த ஒரு டொக்டர் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தார். பேசக் கூப்பிட்டோம். கைப்பையிலிருந்து ஒரு துவாயை எடுத்து விரித்தார். உள்ளே தோள்பட்டை எலும்பொன்று, ஓரமெல்லாம் தேய்ந்து பழுப்பேறி இருந்தது. "இதை வைச்சுத்தான் நான் படிச்சனான்" என்றார். பிறகு வார்த்தை வரவில்லை, கொஞ்ச நேரம் எலும்பைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டு இருந்துவிட்டார். நீங்கள் பேசவில்லையே என்று வருத்தப்பட்டீர்கள் டொக்டர். வேண்டியதில்லை.

புத்தளத்திலிருந்து வந்த இரண்டு சகோதரிகளுக்கும், பக்கத்தில் இருந்த தோழிகளுக்குக் காதோடு காதாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்த மாணவிக்கும், மழை தூறியதும் படங்குச் சீலை பிடித்த பெடியன்மாருக்கும் நன்றி. கதிரை தூக்கினவர்களில் ஒருவர் வந்தவுடனேயே என்னிடம், "அவர் எழுதினது எல்லாத்தோடையும் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் கதிரை பாரம்தானே" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்கத் தொடங்கினார். உங்களுக்கு ஒரு நன்றி கூடுதலாக.

கடைசியாக வடை கொண்டுவந்த அம்மாவுக்கு. அவருடைய மகன் இயக்கத்துக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அது எங்களுக்குத் தெரியும். ராஜினி ஒரு கடிதத்தில், தன்னை ஒரு நாள் ஒரு துப்பாக்கி மௌனமாக்கும், அதைப் பிடித்திருப்பவன் வெளியாள் அல்ல, இதே சமூகத்தின் வயிற்றில் பிறந்த மகனாக இருப்பான் என்று எழுதியிருந்தார். அந்தப் பகுதியை வாசிப்பதாக இருந்த பிள்ளை அம்மாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். விட்டுவிடு என்று நான் கண்ணைக் காட்டினேன். அம்மா அதைக் கண்டுவிட்டார். "வாசி மோனை" என்றார். அவள் வாசித்து முடிக்கும்வரை மடியில் இருந்த வடைச் சட்டியின் மூடியை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தபடி கேட்டார். முடிந்ததும் எழும்பி, முதல் வரிசையிலிருந்து ஒவ்வொருவராக வடை கொடுத்துக்கொண்டு போனார். போகும்போது அந்தத் தாளில் ஒன்றைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து பேர்சுக்குள் வைத்தார். நான் கண்ணைக் காட்டியதற்கு, அம்மா, மன்னிக்கவேண்டும்.

பிரசுரத்தில் பதினொரு பிரதி மிஞ்சியிருக்கிறது, சைக்கிள் கடையில் வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் போய் எடுக்கலாம். ஒரு கறுப்புக் குடையும் ஒரு சின்னப் பிள்ளையின் இடது கால் செருப்பும் ரீச்சர் வீட்டு விறாந்தையில் இருக்கின்றன. வடைச் சட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன் அம்மா, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானே கொண்டுவந்து தருகிறேன்.