பயிற்சி முகாமுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோர் எங்கெல்லாம் போகலாம் என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் எல்லாம் சரி. பிட்ஸ்பர்க் பக்கம் வருகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல ஆசைப்படுகிறேன். ஜூலைக் கடைசியில் லேட்ரோப் என்ற சிற்றூரில் பிட்ஸ்பர்க்கின் ஃபுட்பால் அணியான ஸ்டீலர்ஸின் பயிற்சி முகாம் தொடங்கும், அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இது நம் ஊர்க் கால்பந்து இல்லை, தலைக்கவசம் போட்டு, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, மோதி விழும் அமெரிக்க ஃபுட்பால். சீசனில் மைதானத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் ஆகிவிடும், அதுவும் எங்கோ உச்சியில் உட்கார்ந்து பெரிய திரையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். முகாமில் காசு கிடையாது, அதே வீரர்கள் நாலு அடி தள்ளி நடந்து போவார்கள். பெனடிக்டைன் துறவிகள் தொடங்கிய செயின்ட் வின்சென்ட் கல்லூரியில் 1966 முதல் இந்த முகாம் நடக்கிறது, கொரோனா வந்த இரண்டு கோடைகள்தான் விட்டுப்போயின. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் அந்த நாட்களில் மாணவர் விடுதி அறையில்தான் தங்குகிறார்கள்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து சுமார் 40 மைல், காரில் ஒரு மணி நேரம். இலவசம்தானே என்று அப்படியே கிளம்பிவிடாதீர்கள், டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துப் போனில் வைத்திருக்க வேண்டியிருக்கும். எல்லா நாளும் பயிற்சி கிடையாது, இடி மின்னல் வந்தால் நேரம் மாறும், ரத்தும் ஆகும், அதனால் காலையில் எழுந்ததும் அணியின் இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஊர்ப் பள்ளி மைதானத்தில் விளக்கொளியில் பயிற்சி வைப்பார்கள், கொண்டாட்டம்தான், ஆனால் கூட்டம் நெரியும், வயதானவர்களோடு போகிறவர்கள் சாதாரண நாளையே தேர்ந்தெடுப்பது நல்லது.

வெயில் சென்னை அளவுக்கு இல்லையென்று அசட்டையாக இருக்காதீர்கள். வளாகம் மேடும் பள்ளமுமானது, காரை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களை வாசலருகே இறக்கிவிட முடியுமா என்று அங்கே நிற்கும் பணியாளரிடம் கேளுங்கள், மரியாதையாகவே வழி சொல்வார்கள். இரும்பு பெஞ்சு சுடும், கீழே போட ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மைதானமே மறைந்துவிடும், தொப்பி போதும். பெரிய பை கொண்டு போனால் வாசலில் திருப்பி அனுப்பக்கூடும், தயிர்சாதம் காரிலேயே இருக்கட்டும்.

அப்புறம், எதைப் பார்ப்பது? முதல் சில நாட்கள் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக்கின் விதிப்படி தோள்கவசம் இல்லாமல் ஓடுவதும் பந்து பிடிப்பதுமாகப் போகும், அதனால் அந்த நாட்களை விட்டுவிட்டு கவசம் போட்ட பிறகு போங்கள். 130, 140 கிலோ எடையுள்ள இருவர் ஒரே நொடியில் எழுந்து மோதுகிற சத்தம் இருக்கிறதே, அது டிவியில் வரவே வராது, முதல் தடவை கேட்கும்போது நெஞ்சுக்குள் அதிரும். சிலருடைய தலைக்கவசத்தின் மேல் மெத்தை மாதிரி ஓர் உறை இருக்கும், தலைக்காயத்தைக் குறைக்க லீக் கட்டாயமாக்கியது. மைக் டாம்லின் பயிற்சியாளராக இருந்த காலத்தில் புள்ளி எடுக்கும் எல்லைக்கோட்டிலிருந்து இரண்டே கெஜத்தில் பந்தை வைத்து ஏழு முறை முயல வைப்பார், விதி தெரியாதவர்களுக்குக்கூட அது புரியும், பந்தோடு கோட்டுக்குள் நுழைந்தார்களா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

ஆனால் என் கண் போவது நட்சத்திரங்கள் மேல் இல்லை. முகாமுக்கு 90 பேர் வருகிறார்கள், ஆகஸ்ட் கடைசியில் அணியில் 53 பேர்தான். மீதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டும், சிலரைத் துணைப் பயிற்சி அணியில் வைத்துக்கொள்வார்கள். கல்லூரியை இப்போதுதான் முடித்த, யாருமே பேர் சொல்லிக் கூப்பிடாத ஒரு பையன், பயிற்சி முடிந்து மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போன பிறகும் ஓரமாக நின்று இன்னும் பத்து பந்து போடச் சொல்லிப் பிடித்துக்கொண்டிருப்பான். அவனுக்கும் கை தட்டுங்கள். அவன் சட்டை எண்ணைப் பார்த்து, வீரர் பட்டியலில் பேரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டுப் பாருங்கள், திரும்பிப் பார்த்துச் சிரிப்பான், பெரும்பாலும் கையெழுத்தும் போட்டுத் தருவான்.

கையெழுத்து விஷயத்தில் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தடுப்பின் முன்வரிசை குழந்தைகளுக்கு. ஐந்தாறு சட்டைகளை நீட்டிக்கொண்டு குழந்தைகளை முட்டித் தள்ளும் ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, நம்மவர்கள் ஒருநாளும் அதைச் செய்யக்கூடாது. மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்து தயாராக வையுங்கள், செல்ஃபிக்காக வீரரின் தோளை இழுக்காதீர்கள். ஆட்டமுறைகளை வீடியோ எடுக்கப் பல அணிகள் விடுவதில்லை, அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுப் போனை எடுங்கள். ஞாபகத்துக்கு ஏதாவது வாங்க வேண்டுமென்றால் ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் ஆட்டத்தில் சுழற்றும் அந்த மஞ்சள் துண்டை வாங்குங்கள். வானொலி வர்ணனையாளர் மைரன் கோப் 1975ல் தொடங்கிவைத்தது, அதன் உரிமையை 1996ல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒரு பள்ளிக்கே அவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வேறு ஊரில் பிள்ளைகள் இருந்தால் அங்குள்ள அணியைப் பாருங்கள், எல்லா அணிக்கும் முகாம் உண்டு. விஸ்கான்சினில் கிரீன் பே அணி வீரர்கள் ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போவார்கள், கூடவே அந்தப் பிள்ளை வீரரின் தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்.

பிட்ஸ்பர்க் வருகிறவர்கள் காலையில் பென் ஹில்ஸ் வேங்கடேசுவரர் கோயிலில் தரிசனத்தை முடித்துக்கொண்டு அப்படியே கிழக்கே கிளம்பினால் மதியப் பயிற்சிக்குப் போய்ச் சேரலாம். முகாம் ஆகஸ்ட் நடுவிலேயே முடிந்துவிடும், ஊரிலிருந்து விமான டிக்கெட் போடுகிறவர்கள் அதையும் மனதில் வைத்துத் தேதியைப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
மன்றோவில், பென்சில்வேனியா