பிரவுனுக்கு முன்பும் தோட்டங்கள் இருந்தன

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் மாளிகைத் தோட்டங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். பரந்த புல்வெளி, வளைந்த ஏரி, மரக்கூட்டங்கள் என்ற அழகைப் பரப்பியவர் 18-ஆம் நூற்றாண்டுத் தோட்ட வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுன் என்பது சரிதான். ஆனால் அந்தப் புல்வெளிகளுக்காக எவையெல்லாம் அழிந்தன என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு, டச்சு பாணியில் போட்ட நேரான வாய்க்கால்களும் கத்தரித்த வேலிகளும் கோலம் போன்ற பாத்திகளும் பல எஸ்டேட்டுகளில் அடியோடு போய்விட்டன. (ஆர்க்காட்டு முற்றுகையில் பெயரெடுத்த ராபர்ட் கிளைவ், கிளேர்மான்ட் எஸ்டேட்டை வாங்கியதும் அழைத்தது பிரவுனைத்தான். இந்தியாவில் சேர்த்த பணம் அங்கே எந்தெந்த மண்ணைப் புரட்டியது என்று தனியாகவே எழுதலாம்.)

தப்பியவற்றில் ஒன்று குளொஸ்டர்ஷயரின் வெஸ்ட்பரி கோர்ட். மேனார்ட் கோல்செஸ்டர் என்பவர் 1696-இல் தொடங்கிய டச்சு பாணி நீர்த்தோட்டம் அது. பின்னாளில் குடும்பம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. புது மோஸ்தருக்கு மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. அதனாலேயே பிழைத்தது. 1967-இல், பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தபோது வாய்க்கால்கள் தூர்ந்து, வேலிகள் காடாகிக் கிடந்தன. அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோல்செஸ்டரின் கணக்குப் புத்தகங்கள் இருந்தன. என்னென்ன செடிகள் வாங்கினார் என்பது அவற்றில் இருந்தது. தோட்டத்தை மேலிருந்து பார்ப்பது போல ஜோஹன்னஸ் கிப் செதுக்கிய படமும் இருந்தது. இவற்றை வைத்துக்கொண்டு, 1700-க்கு முன் இங்கிலாந்தில் இருந்த செடிவகைகளையே தேடி நட்டார்கள்.

இவ்வளவு உழைப்பையும் உங்கள் கட்டுரை "புதுப்பிக்கப்பட்டன" என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துவிட்டது. எந்தக் காலத்துத் தோட்டத்தை மீட்பது என்பதே முதலில் பெரிய கேள்வி. சாமர்செட்டின் ஹெஸ்டர்கோம்பில் 18-ஆம் நூற்றாண்டுப் பள்ளத்தாக்குத் தோட்டமும் இருக்கிறது. புது டெல்லியை வடிவமைத்த லட்யன்ஸ், தோட்டக் கலைஞர் கெர்ட்ரூட் ஜீக்கிலுடன் சேர்ந்து 1904 முதல் 1908 வரை அமைத்த தோட்டமும் இருக்கிறது. ஒன்றுக்காக மற்றதைப் பலியிடாமல் இரண்டையும் மீட்டதைத்தான் நான் சரியான முடிவு என்பேன். இதிலும் வழிகாட்டியது காகிதம்தான்: ஜீக்கிலின் நடவு வரைபடங்கள் செடிக்கொட்டகையில் கிடைத்தன.

இன்னொரு குறை, கட்டுரையில் பிரபுக்களும் வடிவமைப்பாளர்களும் மட்டுமே வருகிறார்கள். கார்ன்வாலின் ஹெலிகன் தோட்டத்தில், வேலையாட்களின் கழிப்பறைச் சுவரில் தோட்டக்காரர்கள் பென்சிலால் தங்கள் பெயர்களை எழுதி, 1914 ஆகஸ்ட் என்று குறித்திருக்கிறார்கள். முதல் உலகப் போர் தொடங்கிய மாதம் அது. பலர் போருக்குப் போனார்கள், சிலர் திரும்பவே இல்லை. தோட்டம் புதர் மண்டியது. 1990-இல் மீட்பு தொடங்கியதிலிருந்து அங்கே அந்தத் தோட்டக்காரர்களின் கதைதான் முன்னால் நிற்கிறது.

அடுத்த இதழ்களில் ஒன்றில், மண்வெட்டி பிடித்தவர்களையும் மீட்டெடுத்தவர்களையும் பற்றி அதே கட்டுரையாளரையே எழுதச் சொல்லுங்கள். அவருடைய நடையில் அதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அன்புடன்,
வாசகி, கோயம்புத்தூர்