நந்தம்பாக்கம் நினைவு ஆராதனை: நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறன்று சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் நடந்த நினைவு ஆராதனைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் எங்கள் வாலிபர் ஐக்கியத்தின் நன்றி.

முதலில் தோட்டப் பணியாளர்களுக்கு. தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பல ஊர்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை ஒன்று சேர்க்க 1952-ல் அமைத்த இடம் இது. பிரிட்டிஷ் காமன்வெல்த் படைகளைச் சேர்ந்த 856 பேர் இங்கே இருக்கிறார்கள். அதிகாரி, சிப்பாய் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாக் கல்லும் ஒரே அளவு. பல கற்களின் அடியில் குடும்பத்தார் எழுதி அனுப்பிய ஒரு வரி இருக்கும். அதற்கும் இத்தனை எழுத்துதான் என்று வரம்பு உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எதைச் சொல்வது, எதை விடுவது! முந்தின நாள் மழையில் தெறித்த சேற்றை ஒரு பணியாளர் அண்ணன் அந்த வரிகளிலிருந்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “யாரோ பெத்தவங்க எழுதினது சார், மண்ணு அப்பிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?” என்றார். அந்தப் பெற்றோரில் எத்தனை பேருக்குக் கப்பலேறி இங்கே வர வசதி இருந்திருக்கும்?

அப்புறம் எங்கள் ஆயருக்கு. “ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை” என்ற யோவான் 15:13-ஐ வாசித்ததும், எங்கே போரைப் புகழ ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் 10-ம் அதிகாரத்துக்குத் திரும்பினார். இயேசு தம் ஜீவனைத் தாமாகவே கொடுத்தார். கட்டாய ராணுவச் சேவையில் பிடித்து அனுப்பப்பட்ட பையன்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆகவே அவர்களை மீட்பராக்க வேண்டாம், சிலுவையருகே நின்ற தாயோடு சேர்ந்து அவர்களுக்காக நிற்போம் என்றார். வீர வசனம் கேட்டுப் பழகிய எனக்கு இதுதான் சுவிசேஷமாகப் பட்டது.

பியூகிள் வாசித்த ஓய்வுபெற்ற ராணுவ ஐயாவுக்கு நன்றி. போக்குவரத்துச் செலவுக்குக்கூடக் காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டு நிமிட மௌனத்தில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை எப்படியோ அடக்கி வைத்த அக்காமாருக்கு, இன்னும் பெரிய நன்றி! டீ, வேன், நாற்காலி ஏற்பாடு செய்தவர்களையும் மறக்கவில்லை.

அன்றைய காணிக்கை முழுவதும் படைவீரர் குடும்பங்களின் நலனுக்கான கொடிநாள் நிதிக்குப் போகிறது. இன்னும் கொடுக்க விரும்புகிறவர்கள் டிசம்பர் 7-க்குள் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர், வாலிபர் ஐக்கியம்