நீச்சல் வகுப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கினாலே ஏரியிலோ ஆற்றிலோ வீட்டுப் பின்வளவு நீச்சல் தடாகத்திலோ யாராவது மூழ்கிப்போன செய்தி பத்திரிகையில் வருகிறது. கூடவே தண்ணீரில் கவனமாக இருங்கள் என்ற அறிவுரையும் வருகிறது. அறிவுரை சரிதான். அதோடு நின்றுவிடாமல், எங்கள் பதின்ம வயதுப் பிள்ளைகளை உதவி உயிர்காப்பாளர்களாகப் பயிற்றுவது பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழ்ப் பெற்றோர் பிள்ளைகளை நீச்சலுக்கு விடுவதில்லை என்று சொல்ல முடியாது. ஆறு, ஏழு வயதில் சேர்க்கிறார்கள். கொட்டும் பனியிலும் கூட்டிப்போய், கண்ணாடிக்கு வெளியே காத்திருந்து கூட்டிவருகிறார்கள். ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயது வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். "அதுதான் நீந்தத் தெரியுமே, இனிக் கணக்கு ரியூஷனுக்கு நேரம் வேணும்" என்பதுதான் வழக்கமாகக் கேட்கிற காரணம். உயிர்காப்புப் பயிற்சி சூடுபிடிப்பதே அந்த வயதில்தான் என்பது பலருக்குத் தெரியாது.

கனடாவில் இந்தப் பயிற்சிகளை வகுத்திருப்பது லைஃப்சேவிங் சொசைட்டி என்ற உயிர்காப்பு அமைப்பு. முதலில் புறோன்ஸ் ஸ்டார் என்ற தொடக்கநிலைப் பயிற்சி. அடுத்தது புறோன்ஸ் மெடலியன். இதற்குப் பதின்மூன்று வயதாகியிருக்க வேண்டும், அல்லது புறோன்ஸ் ஸ்டார் முடித்திருக்க வேண்டும். அதற்கு மேல், முதலுதவிச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு புறோன்ஸ் குறொஸ். உதவி உயிர்காப்பாளராகத் தடாகக் கரையில் நிற்பதற்கான பயிற்சி இதுதான். பிறகு நஷனல் லைஃப்கார்ட் என்ற முழு உயிர்காப்பாளர் பயிற்சி. பெருந்தொற்றுக் காலத்தில் தடாகங்கள் மூடிக்கிடந்ததால் பயிற்சிகள் நின்றுபோய், 2022 கோடையில் உயிர்காப்பாளர்கள் போதாமல் பல நகரங்கள் திண்டாடின. அடுத்த ஆண்டு ஒன்ராறியோ அரசு உயிர்காப்பாளர்களுக்கான குறைந்தபட்ச வயதை 16 இலிருந்து 15 ஆகக் குறைத்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட வாய்ப்பு இருக்கிறது என்று பொருள்.

அந்த வகுப்புகளில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பெற்றோர் ஒருநாள் இருந்து பார்க்க வேண்டும். என் மகள் படித்த காலத்தில் நான் கரையில் இருந்து பார்த்தேன். பிள்ளையை வேகமாக நீந்த வைப்பதுதான் நோக்கம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அது பெரிய ஆச்சரியமாக இருக்கும். முதலில் பழக்குவது கண்ணை. மூழ்குகிறவர் கையை வீசி, "காப்பாற்றுங்கோ" என்று கத்துவார் என்று எல்லோரும் நினைக்கிறோம். நீந்தத் தெரியாமல் மூழ்குகிற ஒருவரால் பெரும்பாலும் கத்த முடியாது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற கணத்தில் மூச்சை எடுப்பதற்கே நேரம் போதாது. உடல் செங்குத்தாக நிற்கும், கைகள் இரண்டு பக்கமும் தண்ணீரை அழுத்தும், கால்கள் உதவாது. ஒரு நிமிடத்துக்குள் ஆள் கீழே போய்விடலாம். பக்கத்தில் நிற்கிற தகப்பனுக்கே பிள்ளை விளையாடுகிறது என்றுதான் தோன்றும். பயிற்சி பெற்ற பதினாலு வயதுப் பிள்ளை அந்த நிலையைத் தூரத்தில் இருந்தே அடையாளம் கண்டுவிடும்.

அடுத்து, உடனே தண்ணீருக்குள் பாயாமல் இருக்கப் பழக்குகிறார்கள். இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். முதலில் கரையில் நின்று பேசி வழிகாட்டு. முடியாவிட்டால் மிதக்கும் பொருளையோ கயிற்றையோ எறி. தடியோ துவாயோ நீட்டு. நிலைக்கிற ஆழம் என்றால் நடந்து போ. வள்ளம் இருந்தால் வள்ளத்தில் போ. எதுவும் இல்லாவிட்டால் மட்டும் நீந்து, அப்போதும் மூழ்குகிறவர் பிடித்துக்கொள்ள ஒரு பொருளை முன்னால் கொண்டுபோ. அருகில் போனதும் உடலைப் பின்னுக்குச் சாய்த்துக் காலை முன்னே நீட்டி, எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் நில். ஏனென்றால் பயத்தில் இருக்கிறவர் காப்பாற்ற வந்தவரின் கழுத்தைத்தான் கட்டிக்கொள்வார். தம்பியைக் காப்பாற்றப் போன அண்ணனும், நண்பனைக் காப்பாற்றப் போன நண்பனும் சேர்ந்து மூழ்கிய செய்திகளை ஊரிலும் கேட்டோம், இங்கேயும் கேட்கிறோம். பாசமும் துணிவும் இருந்த பிள்ளைகள்தான் அவர்கள். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அப்புறம் மூச்சும் இதயமும் நின்றவருக்குச் செய்யும் சிபிஆர். தண்ணீரில் மூழ்கியவருக்கு ஒட்சிசன் இல்லாமல்தான் இதயம் நிற்கிறது, ஆகவே நெஞ்சை அழுத்துவதோடு மூச்சுக் கொடுப்பதும் அவசியம் என்பதை அந்தப் பிள்ளைகள் காரணத்தோடு விளங்கிக்கொள்கிறார்கள். அவசர உதவிக்கு 911-ஐ அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்லவும், சுற்றி நிற்கிற பெரியவர்களைப் பார்த்து "நீங்கள் போய் ஏஈடி கொண்டுவாருங்கள்" (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) என்று வேலை கொடுக்கவும் பழகுகிறார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் குரல் உயர்த்திக் கட்டளை இடுவதைப் பார்க்க எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

எங்கள் சமூகத்துக்கு இது ஏன் கூடுதலாகத் தேவை? கனடாவில் பிறந்தவர்களைவிடப் புதிதாக வந்து குடியேறியவர்களில் நீந்தத் தெரியாதவர்கள் நான்கு மடங்கு அதிகம் என்று லைஃப்சேவிங் சொசைட்டியின் ஆய்வு சொல்கிறது. 1971 இல் பாக்குநீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் இங்கே கோடையில் நடக்கும் ஊர்ச்சங்க ஒன்றுகூடல்களிலும் பழைய மாணவர் ஒன்றுகூடல்களிலும் ஏரிக்கரையில் இருக்கிற பெரியவர்களில் எத்தனை பேருக்கு ஆழத்தில் ஒரு நிமிடம் மிதக்கத் தெரியும்? ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர்கள் கிடையாது என்பதையும் பலர் அறியாமலே போகிறார்கள்.

அதற்காகப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் நூறு பேரின் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் பெரியவர்கள் கடதாசி விளையாடப் போகலாம் என்று நான் சொல்லவில்லை. உதவி உயிர்காப்பாளர் என்பவர் முழுத் தகுதி பெற்றவரோடு சேர்ந்து, அவருடைய கண்காணிப்பில் நிற்க வேண்டியவர். குழந்தைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது எப்போதும் பெற்றோரின் வேலை.

பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் நீச்சலை நிறுத்துவது எனக்கு மிகவும் கவலை தருகிறது. முழுக்கை மேலாடையும் நீளக் காற்சட்டையும் நீச்சலுடையாகவே கிடைக்கின்றன. அணிந்து வருகிற பிள்ளைகளை நகரத் தடாகங்களில் தாராளமாகப் பார்க்கலாம். குளோரின் பட்டால் முடி கெடும், தோல் கறுக்கும் என்ற பேச்சுக்காக ஒரு பிள்ளையின் உயிர்காக்கும் திறனைப் பறிக்காதீர்கள், அம்மாமாரே. படிப்பைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: உயர்பள்ளிப் பட்டயத்துக்கு வேண்டிய 40 மணி நேரச் சமூக சேவையை, பயிற்சி பெற்ற பிள்ளை நீச்சல் வகுப்புகளில் உதவி செய்து பூர்த்திசெய்யலாம். பிறகு நல்ல சம்பளத்தில் கோடைக்கால வேலையும் தேடலாம். பணம் தடையாக இருக்கிற குடும்பங்களுக்கு ரொறன்ரோ நகரசபையின் வெல்கம் பொலிசி என்ற உதவித் திட்டம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்கள் கட்டாயம் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்ச்சங்கங்கள் கிரிக்கெட்டுக்கும் கலைவிழாவுக்கும் செலவிடும் பணத்தில் சிறு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளின் புறோன்ஸ் பயிற்சிக்கும் பரீட்சைக்கும் கட்டணம் கட்டலாம். கோயில்களும் செய்யலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவில் நீச்சல் பதிவு காலை 7 மணிக்குத் திறந்ததும் இடங்கள் மளமளவென்று முடிந்துவிடுகின்றன. ஒவ்வொரு பருவத்திலும் பதிவு நாளையும், எந்தத் தடாகங்களில் புறோன்ஸ் வகுப்புகள் நடக்கின்றன என்பதையும் இரண்டு வாரம் முன்னதாகவே முன்பக்கத்தில் ஒரு கட்டத்தில் போடுங்கள். மகளிடம் கேட்டு விவரங்களைத் தமிழில் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ