முன்பாரம், பின்பாரம்

பட்டர்வொர்த், மலேசியா,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தில் அம்மா பேரனைப் பார்த்தாள். இளைத்துவிட்டான் என்றாள். நான் உங்கள் காரை, அந்தக் காடியைப் பார்த்தேன். அதன் பின்பக்கம் உட்கார்ந்துபோய், முன்விளக்குகள் மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அது பின்னால் இழுத்துப் போகும் கூடார வண்டி, அந்தக் கேம்பரோ, மூக்கைத் தரைப் பக்கம் குனிந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது.

வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். மாப்பிள்ளையும் படிக்கட்டும். அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடு. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் அவர் ஓட்டும் சாலைகளை நான் பார்த்ததில்லை. ஆனால் கொண்டெய்னர் லாரி ஓட்டிய எனக்கு, பின்னால் ஒன்றை மாட்டி இழுப்பதில் முப்பது வருடப் பழக்கம் உண்டு.

காடியையும் கேம்பரையும் இணைக்க, கடையில் மூன்று வகை ஹிட்ச் காட்டினார்களாம், எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். காடியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண இரும்பு உருண்டை ஒன்று. காட்டுப்பாதைக்கென்று எல்லாப் பக்கமும் வளைந்துகொடுக்கும் கப்ளிங், அதாவது கவ்விப் பிடிக்கும் பூட்டு, ஒன்று. இரண்டு பக்கமும் நீளக் கம்பி வைத்து எடையைப் பகிர்ந்துகொடுக்கும் விலை கூடிய சாமான் ஒன்று. உருண்டை போதும் என்பதுதான் என் பதில். ஆனால் அதை வாங்குவதற்கு முன்னால் எடை போட வேண்டும். நீ எடையே போடவில்லை என்று நினைக்கிறேன்.

என் தாத்தா புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். பாரம் ஏற்றும்போது வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்து, 'முன்பாரம் கொஞ்சம் வேணும்டா' என்பாராம். மூட்டை பின்னால் கூடிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் கூடிவிட்டால் மாடு தலையைத் தூக்க முடியாமல் நடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. உன் காடிதான் மாடு, உருண்டைதான் நுகத்தடி. உன் மாடு இப்போது தலையை மேலே தூக்கிக்கொண்டு பின்னங்காலில் உட்கார்ந்திருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

உருண்டையின் மேல் எவ்வளவு பாரம் இறங்க வேண்டும்? உங்கள் ஊரில் எல்லாரும் சொல்லும் கணக்கு, கேம்பரின் மொத்த எடையில் ஏறக்குறைய 10 சதவீதம். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைப்பார்கள், அமெரிக்காவில் 15 வரைக்கும் போவார்கள். நீ 10ஐப் பிடித்துக்கொள். நீ படம் எடுத்து அனுப்பிய தகடுகளில் இருந்த எடைகளைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கேம்பர் முழுப் பாரத்தோடு 1,250 கிலோ வரை இருக்கலாம். உன் காடி, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 1,500 கிலோ இழுக்கும், பிரேக் இல்லாவிட்டால் 750தான். உருண்டை மேல் தாங்குவது 150. அப்படியென்றால் முழுப் பாரத்தில் உருண்டைக்கு 125க்குக் குறையக் கூடாது, 150ஐத் தாண்டக் கூடாது. உனக்கு இருக்கும் இடமே அந்த 25 கிலோதான். இழுக்கும் எடையை மட்டும் பார்த்து 'இன்னும் 250 கிலோ மிச்சம் இருக்கிறது' என்று மாப்பிள்ளை சொன்னது சரி, ஆனால் உங்களைப் பிடிக்கப்போவது அந்த எண் இல்லை.

இந்த 125 கிலோவும் காடிக்கு 125 கிலோவாகப் போய்ச் சேராது. உருண்டை பின் அச்சுக்கு வெளியே தொங்குகிறது இல்லையா, அது நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே 2.7 மீட்டர், பின் அச்சிலிருந்து உருண்டைக்கு 1.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். முன் சக்கரங்களிலிருந்து 51 கிலோ தூக்கப்படும், பின் அச்சில் 176 கிலோ கூடும். ஸ்டீயரிங் பிடிப்பதும் பிரேக்கின் பெரும்பங்கும் முன் சக்கரங்களில். அதில் எடை குறைந்தால் மழையில் திருப்பும்போது காடி நீ சொல்வதை மெதுவாகத்தான் கேட்கும். இதே 125 கிலோ, காடிக்குள் ஏறும் ஆட்களோடும் சாமான்களோடும் சேர்ந்த கணக்கு என்பதையும் மறக்காதே. கூரைமேல் பெட்டி வேறு கட்டியிருக்கிறீர்கள்.

எடை போடுவது சுலபம். முதலில் போகிற மாதிரியே எல்லாவற்றையும் ஏற்று, தண்ணீர் உட்பட. வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு இருக்கிறது அல்லவா, அதைக் கேம்பரின் மூக்கில் இருக்கும் கப்ளிங்குக்கு நேர் கீழே வைத்து, ஒரு கட்டையை நிறுத்தி, கேம்பர் மட்டமாக இருக்கும்படி அதன்மேல் மூக்கை இறக்கு. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வை. தராசு அவ்வளவு தாங்காது என்று பயமாக இருந்தால் மூன்றடிப் பலகை ஒன்றை எடு. ஒரு முனை செங்கல் மேல், மறு முனை தராசு மேல். செங்கல்லிலிருந்து ஓரடி தள்ளி மூக்கை இறக்கு. தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கு. மொத்த எடை பார்க்க, பக்கத்தில் எங்காவது லாரிகள் ஏறும் தராசுக்குக் கொண்டுபோ. கேம்பரைக் கழற்றி, அதை மட்டும் நிறுத்திப் பார்.

உருண்டை மேல் 150க்கு மேல்தான் இருக்கும் என்று என் கண் சொல்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். மூக்குப் பெட்டியில் ஐஸ் பெட்டி, இரண்டு கேஸ் சிலிண்டர், அதற்குப் பின்னாலேயே 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் மட்டும் 60 கிலோ. கைக்கு எட்டும் இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறீர்கள், சமைக்க வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஐஸ் பெட்டி சாமானோடு 35 கிலோ என்று வை. அதை அச்சுக்கு நேர் மேலே நகர்த்தினால் உருண்டையில் 29 கிலோ வரை குறையும். கடையில் ஒரு காசு செலவில்லை.

ஆனால் ஒரேயடியாக வால் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடாதே. அங்கே வைத்தால் தராசில் எண் இன்னும் அழகாக வரும், சாலையில் வால் ஆடும். ஒருமுறை ஒரு 40 அடிக் கொண்டெய்னரில் கனமான இயந்திரத்தைக் கதவோரமாகவே வைத்துப் பூட்டிக் கொடுத்துவிட்டார்கள். பினாங்குப் பாலத்தின் மேல் காற்று அடித்தபோது பின்பக்கம் என்னைக் கேட்காமல் தனியாக நடந்தது. பாயான் லெப்பாஸ் போய்ச் சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது கடைக்காரர் காட்டிய அந்த விலை கூடிய கம்பி. அது கெட்ட சாமான் இல்லை. கம்பியின் விறைப்பால் பின்பக்கத்தை நெம்பி, எடையில் ஒரு பங்கை முன் சக்கரங்களுக்கும் கேம்பரின் அச்சுக்கும் தள்ளும். பெரிய கேரவனுக்கு உதவும். உனக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. உன் கேம்பரில் இருப்பது தள்ளு பிரேக். காடி வேகம் குறைத்தால் கப்ளிங் உள்ளே நகர்ந்து கேம்பரின் பிரேக்கைப் பிடிக்கும். அந்தக் கம்பி பல கப்ளிங்குகளில் இந்த நகர்வைத் தடுக்கும். சில காடித் தயாரிப்பாளர்களே அதை மாட்டாதே என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள், உன்னுடையதைப் பார். குழி மேடான மண் பாதையில் அதைத் தளர்த்தவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அது உருண்டைக்கு எழுதியிருக்கும் 150ஐ 180 ஆக்காது. தப்பாக ஏற்றிய பாரத்தைக் கம்பி வைத்துத் தூக்கி நிறுத்துவது, எனக்கு மனசு ஒப்பவில்லை.

காட்டுப்பாதைக் கப்ளிங்கும் இப்போதைக்கு வேண்டாம். வருடத்தில் நாலு முறை அல்பனிக்கும் மார்கரெட் ரிவருக்கும் தார் சாலையில் போகப்போகிறீர்கள். மணல் மேட்டில் ஏறும் நாள் வரட்டும், அப்போது வாங்கலாம். உருண்டை என்றால் நாளைக்கு உன் காடி படுத்துவிட்டாலும் பக்கத்து வீட்டுக் காடியில் மாட்டி வீட்டுக்கு வரலாம்.

அப்புறம் அந்த ஓசி உருண்டை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஷெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார், மாட்டிப் பார்த்தோம், சரியாக உட்கார்ந்தது என்று மாப்பிள்ளை சொன்னாரே, அதைப் படுக்கப் போகும்போது நினைத்துத் தூக்கம் போய்விட்டது. உங்கள் ஊரில் இப்போதைய அளவு 50 மி.மீ. பழைய காலத்தில் ஒன்றேமுக்கால் அங்குலத்தோடு இன்னும் அரைக்கால் அங்குலம் சேர்ந்த ஓர் உருண்டை இருந்தது. அது 47.6 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 50க்கான கப்ளிங் அதன்மேல் சமர்த்தாக உட்காரும், தாழ்ப்பாளும் விழும், ஏதாவது ஒரு மேட்டில் கழன்று எழும்பும். உருண்டையின் தலையில் அளவு பொறித்திருக்கும். துருவைத் தேய்த்துப் படிக்கச் சொல். எண் தெரியாவிட்டால் தூக்கிப் போடு. பெரியவரிடம் நன்றி சொல்லிவிட்டு வேறு வாங்கு.

உருண்டையைத் தாங்கும் நாக்கு மேலே வளைந்தும் கீழே வளைந்தும் வரும். காடியும் கேம்பரும் முழுப் பாரத்தோடு நிற்கும்போது உயரத்தை அளந்து, கேம்பர் மட்டமாக வருவதை வாங்கு. வெறும் காடியில் அளந்து வாங்கினால் ஏற்றிய பிறகு மறுபடியும் மூக்கு குனியும். காடி, அதன் அடியில் பொருத்திய இழுவைச் சட்டமான டோபார், நாக்கு, உருண்டை, கப்ளிங், ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கும். எது சின்னதோ அதுதான் உன் எண்.

அப்பா இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறார் என்று நினைப்பாய். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது.

நீ தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்த வருடம். விடிய இன்னும் நேரம் இருந்தது, நல்ல மழை. யார்டில் டிரெய்லரை இழுக்கும் லாரித் தலையை, அந்தப் பிரைம் மூவரைப் பின்னால் எடுத்து டிரெய்லருக்கு அடியில் விட்டேன். 'டக்' என்று கேட்டது. டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளையை, கிங் பின்னைக் கவ்வும் தாடை மூடிவிட்டது என்பதற்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். இறங்கி டார்ச் அடித்துத் தாடையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நானே புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். அன்று மழையில் இறங்கினேன், காற்றுக் குழாயை மாட்டினேன், டிரெய்லரைத் தாங்கி நிற்கும் காலைச் சுற்றி மேலே ஏற்றினேன், குனிந்து மட்டும் பார்க்கவில்லை. சட்டை நனைந்துவிட்டது என்ற எரிச்சல். கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் இடி விழுந்த மாதிரி சத்தம். டிரெய்லரின் மூக்கு தரையில் கிடந்தது, குழாய் அறுந்து சீறிக்கொண்டிருந்தது. உள்ளே பீங்கான் ஓடு. யாருக்கும் அடிபடவில்லை, அது முருகன் செயல். ஆறு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள், நியாயமாகத்தான் பிடித்தார்கள். அந்தத் தீபாவளிக்கு உனக்குச் சிவப்பு சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். கடையில் சிவப்பு தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை.

அதனால் சத்தத்தை நம்பாதே. உருண்டையில் மாட்டித் தாழ்ப்பாள் போட்டதும், கேம்பரின் மூக்கடியில் இருக்கும் சின்னச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி மூக்கை மேலே தூக்கு. காடியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் கவ்வியிருக்கிறது. கப்ளிங் மட்டும் தனியாக எழும்பினால் கவ்வவில்லை. பிறகு அந்தச் சின்னச் சக்கரத்தை ஏற்றிவிடு. சங்கிலிகளைக் கப்ளிங்குக்குக் கீழே குறுக்காகப் போடு, கப்ளிங் கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழும். தரையில் உரசும் அளவுக்கு நீளம் வேண்டாம். விளக்குகளைப் பார்க்க மாப்பிள்ளை பிரேக்கை மிதிக்கட்டும், நீ பின்னால் நில்.

ஓட்டும்போது கேம்பர் ஆட ஆரம்பித்தால் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடி, தானாக வேகம் குறையட்டும். பிரேக்கை அழுத்தி மிதிப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். செய்யாதே. பிரைம் மூவரில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடிக்க ஒரு கைப்பிடி எங்களுக்கு இருந்தது, உன் தள்ளு பிரேக்கில் அது கிடையாது. இழுத்துக்கொண்டு போகும்போது 100ஐத் தொட வேண்டாம். 90 போதும். அல்பனி 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அரை மணி தாமதமாகப் போனால் கடல் எங்கேயும் போய்விடாது. வடக்கே போகும் நாளில் 50 மீட்டருக்கு மேல் நீளமான ரோட் டிரெயின் எதிரே வரும். அதன் காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும்.

அம்மா சாம்பார்த் தூள் அரைத்து வைத்திருக்கிறாள், அடுத்த மாதம் வரும் ஆள் வழியாக அனுப்புகிறாள். கருவாடு கேட்காதே, உங்கள் விமான நிலையத்தில் விடுவார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரியாது. எடை போட்டதும் தராசு எண்ணைப் படம் எடுத்து அனுப்பு, உருண்டையின் தலையையும் சேர்த்து.

பேரன் பிறந்தநாளுக்கு உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன், சைக்கிளுக்கு. நிறத்தை அவனே சொல்லட்டும். ஊருக்குப் போகும்போது அதையும் எடுத்துப் போக அடம்பிடிப்பான், கேம்பரின் பின்னால் மட்டும் மாட்டாதே.

அன்புடன்,
அப்பா