பெரியத்தானுக்கு நான் வைக்காத கையெழுத்து

ஸ்போல்டிங், இங்கிலாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

நலம். நீங்களும் நலம் என்று தங்கை சொன்னாள். அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு நீ போய், பந்தியில் நின்று பரிமாறினாயாம். பெற்ற மகன் இங்கே லிங்கன்ஷயரில் யாருடைய வீட்டுப் பொயிலருக்குள்ளோ தலையை விட்டுக்கொண்டிருக்க, நீ அங்கே சாம்பார் வாளியோடு நின்றிருக்கிறாய். கேட்ட அன்றே எழுத நினைத்தேன். நாலு மாதம் ஓடிவிட்டது. வட்ஸ்அப்பில் அனுப்பலாம்தான், ஆனால் நீ ஒரு கட்டைவிரலைப் பதிலுக்குப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவாய். இது கட்டைவிரலோடு முடிகிற கதை இல்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். கம்பனியை விட்டுவிட்டேன். சித்திரையில் இருந்து சொந்தமாகச் செய்கிறேன். வான் வண்டியில் என் முழுப்பெயரையும் எழுதியிருக்கிறேன், அப்பாவின் பெயர் உட்பட. வாசிக்க முயன்றவர்கள் பாதியில் மூச்சு வாங்கி நிறுத்திவிடுகிறார்கள். நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரி.

இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குக் காஸ் குழாய் வரவில்லை. வீட்டுக்கு வீடு பின்வளவில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் தாங்கி நிற்கும். உள்ளே என்ன என்கிறாய்? நம்முடைய மண்ணெண்ணெய்தான். லொறி வந்து அதை நிரப்பிவிட்டுப் போகும். பொயிலர் அதை எரித்து வீட்டையும் குளிக்கிற தண்ணீரையும் சூடாக்கும். ஊரில் ஒரு போத்தலை ஒரு கிழமைக்கு வைத்துக் காலம் தள்ளியவனுக்கு, முதன்முதலில் ஆயிரம் லீற்றரை ஒரே இடத்தில் பார்த்தபோது கும்பிடத் தோன்றியது.

இந்த வேலைக்காரர்களுக்கு இங்கே ஒஃப்டெக் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் பதிய முதலில் சோதனை பாஸ் பண்ண வேண்டும். எண்ணெயை எரிக்கிற பேர்னரின் சேர்விஸுக்கு ஒன்று, பொயிலர் பூட்ட ஒன்று, தாங்கி வைக்க ஒன்று. பாஸ் பண்ணினால் ஐந்து வருடம் செல்லும், பிறகு மறுபடியும் போய்க் கதிரையில் இருக்க வேண்டும். இந்த முறை என்னைச் சோதித்த பெடியன் என் மூத்தவளைவிட இளையவன். நான் எண்ணெயைத் தூவுகிற நொசிலைக் கழற்ற, அவன் பின்னால் நின்று எதையோ குறித்துக்கொண்டே இருந்தான். மாஸ்டர் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் கை எப்படி நடுங்கும், அப்படி நடுங்கியது. (அன்று நீ பின்வாங்கில் இருந்து சொன்ன விடையைத்தான் எழுதினேன். அடி எனக்கு மட்டும் விழுந்ததை இன்னும் மறக்கவில்லை.)

இந்த ஒஃப்டெக் தொடங்கிய வருடம் 1991. அதைப் பார்த்ததும் உன்னைத்தான் நினைத்தேன். அந்த வருடம் எண்ணெய்த் தட்டுப்பாட்டில் நீயும் நானும் சங்கக்கடை வரிசையில் போத்தலோடு நின்றோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்துப் படித்தோம், படித்ததாகச் சொன்னோம். உன் மாமாவின் மோட்டார் சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு, உதைத்து, பிடித்தவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் புகை கக்கிக்கொண்டு கோயில் வீதியால் போனோமே, அதே வருடம் இங்கே அதே எண்ணெயை ஒழுங்காக எரிக்கச் சங்கம் வைத்திருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காஸ் வேலை என்றால் இங்கே சட்டம் இறுக்கம். காஸ் சேஃப் பதிவு இல்லாதவன் காசுக்கு அதில் கை வைத்தாலே குற்றம். எண்ணெய் அப்படி இல்லை. பதிவு கட்டாயமில்லை. ஆனால் புதுப் பொயிலரோ தாங்கியோ வைத்தால் கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு முன்கூட்டியே அறிவித்து, காசு கட்டி, அவர்களின் ஆள் வந்து பார்க்க வேண்டும். பதிந்தவன் செய்தால் அது ஒன்றும் தேவையில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் அவன் தன் வேலைக்குத் தானே சான்று கொடுக்கலாம். வேலை முடிந்து 30 நாளுக்குள் ஒஃப்டெக் வழியாகக் கவுன்சிலுக்கு அறிவித்தால், வீட்டுக்காரருக்குச் சான்றிதழ் வந்துவிடும். இடைக்கிடை ஓர் இன்ஸ்பெக்டர் வந்து நாம் செய்த வேலைகளில் சிலதைப் பார்ப்பார். மற்றபடி நான் பூட்டினேன், நானே சோதித்தேன், நானே சரி என்றேன்.

உனக்கு இது எப்படிக் கேட்கும் என்று தெரியும். நம் வகுப்பில் ஐந்து பேருடைய அப்பாமாரின் கையெழுத்து உன் கையில் இருந்தது. வெள்ளைக்காரன் உன்னைப் பார்த்துத்தான் இந்தச் சட்டத்தை எழுதியிருப்பான்.

கம்பனியில் இருந்தவரை தாள்கள் கம்பனியின் பெயரில் போகும். இப்போது என் பெயரில். பதிவு வந்து ஆறு கிழமைக்குள் பெரியத்தான் ஃபோன் எடுத்தார்.

அவர் இந்தப் பக்கம் ஒரு பழைய பண்ணை வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார், தெரியும்தானே. இப்போது விற்கப் பார்க்கிறார். வாங்குகிறவரின் சட்டத்தரணி, பொயிலர் எப்போது பூட்டியது, அதற்குச் சான்றிதழ் எங்கே என்று கேட்டிருக்கிறார். சான்றிதழ் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் யாரோ ஒரு பெடியன் கைக்காசுக்குப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். "நீ இப்ப பதிஞ்சிட்டாய்தானே, ஒரு கையெழுத்தைப் போட்டு விடு" என்றார். ஏதோ வாழைக்குலை கேட்பதுபோல.

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். மச்சான், பொயிலர் பரவாயில்லை. தாங்கியைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. குசினி யன்னலுக்கு நேர் கீழே ஒற்றைச் சுவர் பிளாஸ்டிக் தாங்கி. வீட்டில் இருந்து 1.8 மீற்றர் தள்ளி இருக்க வேண்டியது, நான் கையை நீட்டினால் சுவரைத் தொடுகிறேன். கீழே நாலு கல், அதில் ஒன்று வெடித்துத் தாங்கி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. வீட்டுக்குள் தீப்பிடித்தால் எண்ணெயைத் தானாக மறிக்கிற வால்வு ஒன்று குழாயில் இருக்க வேண்டும். இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழெட்டு மீற்றரில் வாய்க்கால். இந்தப் பக்கம் முழுக்கச் சதுப்பை வடித்தெடுத்த நிலம், எங்கு பார்த்தாலும் வாய்க்கால். தண்ணீருக்குப் பத்து மீற்றருக்குள் என்றால் தாங்கிக்கு வெளியே இன்னொரு தாங்கி வேண்டும், உள்ளே இருப்பதைவிடப் பத்து வீதம் கூடக் கொள்கிற மாதிரி. அது வெடித்தால் இது பிடிக்கும். இங்கே பிடிக்க ஒன்றுமில்லை, மீன்தான் குடிக்கும்.

மண்ணெண்ணெய் சட்டென்று பற்றாது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. தீக்குச்சியைக் காட்டினாலும் யோசிக்கும், அதற்குத் திரி வேண்டும். அந்த 1.8 மீற்றர் தாங்கியில் இருந்து வீட்டைக் காப்பதற்கு இல்லை, வீட்டில் பிடிக்கிற தீயில் இருந்து தாங்கியைக் காப்பதற்கு. இதைப் பெரியத்தானுக்கு அந்த யன்னலைக் காட்டியே சொன்னேன். அவர் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

என்னால் முடியாது என்றேன். வேறொருவன் செய்த வேலைக்கு நான் சான்று கொடுக்கவே கூடாது, அது ஒஃப்டெக்கின் விதி. கவுன்சிலுக்கு விண்ணப்பித்தால் அவர்கள் வந்து பார்த்து, திருத்தச் சொல்வதைத் திருத்தினால், நடந்து முடிந்த வேலையை முறைப்படுத்தித் தாள் தருவார்கள். 1985 நவம்பருக்குப் பிறகு நடந்த வேலைக்கெல்லாம் அந்த வழி இருக்கிறது. தாங்கியைக் கழற்றிப் புது இடத்தில் இரட்டைச் சுவர்த் தாங்கி வைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம், சாமான் காசு மட்டும் தாருங்கள், அதற்கு என் கையெழுத்தை ஆயிரம் தடவை வைக்கிறேன் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உன்னை இந்த நாட்டுக்கு எடுத்தபோது நான் எத்தனை தாளில் கையெழுத்து வைத்தேன் தெரியுமா? ஒன்றையாவது வாசித்தேனா?" என்றார்.

நான் என்ன சொல்ல? உண்மைதானே. அவர் இல்லையென்றால் நான் எங்கே? வீடு வரும் வரை வானில் பாட்டும் போடவில்லை. அக்கா மூன்று கிழமையாக என்னோடு கதைக்கவில்லை. அவள் மகளின் பிறந்தநாளுக்கு எங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. என் மனுசிகூட, "சாய்ந்த தாங்கி இவ்வளவு நாளும் நின்றதுதானே" என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனாள்.

நான் ஏதோ அரிச்சந்திரன் என்று நினைத்துவிடாதே. இதை மனுசிக்கும் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன். கம்பனியில் என் முதல் மாரிகாலம். ஒரே நாளில் ஏழு வீடு. பேர்னரைத் துப்புரவாக்கி நொசிலை மாற்றியபின் புகை பார்க்க வேண்டும். கைப்பம்பு ஒன்று இருக்கிறது. வெள்ளைக் கடதாசித் துண்டை அதில் செருகி, புகைக்குழாயில் குழலை விட்டுப் பத்துத் தரம் இழுத்தால் கடதாசியில் ஒரு பொட்டு விழும். அதை அட்டையில் இருக்கிற சாம்பல் நிறங்களோடு ஒப்பிட்டு எண் போட வேண்டும். 0 என்றால் கரியே இல்லை, மிஞ்சினால் 1 வரலாம். ஏழாவது வீடு, இருட்டு, மழை, பம்பு வானுக்குள். நான் எடுக்கப் போகவில்லை. தாளில் 0 என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு கிழமையில் அந்த வீட்டு ஆச்சி ஃபோன் எடுத்தார். பொயிலர் நின்றுவிட்டதாம். திறந்தேன். உள்ளே முழுக்கக் கரி, அடுப்படிப் பானையின் அடிபோல. காற்று குறைவாகப் போயிருக்கிறது, நான் திருகியது அப்படி. பம்பை எடுத்து இழுத்திருந்தால் கடதாசி கறுத்து எனக்கு அன்றே சொல்லியிருக்கும். ஆச்சி என்னைக் குறை சொல்லவில்லை. போன முறை நான் எழுதிக் கொடுத்த தாளைப் பத்திரமாக ஒரு உறைக்குள் வைத்திருந்தார். தேத்தண்ணி தந்து, "எல்லாம் சரி என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதனால் நான் யோசிக்கவில்லை" என்றார். இரண்டு கிழமை, எண்பது வயது மனுசி, தனியாக, குளிர்காலத்தில், என் 0ஐ நம்பி. அந்த வீட்டுப் புகைக்குழாய் நன்றாக இழுத்ததால்தான் புகை உள்ளே திரும்பவில்லை. அது என் கெட்டித்தனம் இல்லை.

அன்றிலிருந்து பம்பு என் கைப்பைக்குள்தான். புகைவாயுவை அளக்கிற மெசினை வைப்பதற்கு முன்பு அதைத்தான் இழுப்பேன். எப்படியும் கரி போனால் மெசின் கெட்டுவிடும், அதுவும் ஒரு காரணம்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தாய், இந்த வேலையைப் படிக்க இங்கே அனுப்பலாமா என்று. அவசரப்படாதே. பழைய எண்ணெய்ப் பொயிலரைக் கழற்றிப் புது எண்ணெய்ப் பொயிலர் வைப்பதை 2026இல் நிறுத்துவோம் என்று அரசாங்கத்தில் சொன்னார்கள், பிறகு 2023இல் 2035க்குத் தள்ளினார்கள். வெளிக்காற்றில் இருந்து சூடு எடுக்கிற பம்புக்கு உதவிப் பணம் கொடுக்கிறார்கள். கோர்ன்வோலில் ஒரு கிராமத்தில் மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் செய்த ஒன்றை ஊற்றி அதே பொயிலர்களை எரித்துப் பார்த்திருக்கிறார்கள், எரிந்திருக்கிறது. என் காலம் வரை இது ஓடும். அவன் காலத்துக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். மின்சார வேலையும் குளிர்சாதன வேலையும் ஊரிலேயே படிக்கட்டும், அது எங்கே போனாலும் உதவும். அவனுக்குக் கை ஓட்டம் உன்னுடையதுபோல என்றால் வங்கியில் மட்டும் விடாதே.

பெரியத்தான் நேற்று ஃபோன் எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை. "அந்த இரட்டைச் சுவர்த் தாங்கி என்ன விலை போகும்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். வைத்துவிட்டார். அக்கா பின்னால் நின்று ஏதோ சொன்னது கேட்டது, என்ன என்று விளங்கவில்லை. வாற சனிக்கிழமைக்கு ஒரு பம்பும் வெற்றுப் பீப்பாய்களும் சொல்லி வைத்திருக்கிறேன். விற்கிறாரோ இல்லையோ, அந்த எண்ணெயை முதலில் அங்கிருந்து இறக்க வேண்டும்.

பனங்கட்டி அனுப்பினால் ஓலைக் குட்டானோடு அனுப்பு. தங்கையிடம் கொடுத்துவிடு, யாராவது வருவார்கள். பதிலை நீயே எழுது. உன் கையெழுத்தில் எழுது, என் அப்பாவின் கையெழுத்தில் வேண்டாம்.

உன்,
எண்ணெய்க்காரன்