ஷ்ரூஸ்பரியில் பார்க்க வேண்டியது க்ளைவ் சிலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில், ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் தலைநகரான ஷ்ரூஸ்பரிக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் லண்டனைச் சுற்றிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். ஆனால் அந்த அரைப்பக்கத்தில் பாதியை ராபர்ட் க்ளைவின் சிலை அடைத்துக்கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பர்மிங்ஹாமில் உள்ள மகள் வீட்டிலிருந்து ரயிலில் அங்கே போய்வந்தவன் நான். சுமார் ஒரு மணி நேரப் பயணம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே தலைக்கு மேலே சிவப்புக் கல் கோட்டை. செவர்ன் நதி ஊரைக் கிட்டத்தட்ட முழுவதுமாக வளைத்து ஓடுகிறது. கிழக்கே இங்கிலீஷ் பாலம், மேற்கே வெல்ஷ் பாலம். கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சுமாகச் சந்துகளுக்குள் சாய்ந்து நிற்கும் வீடுகளைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். நூலக வாசலில் அமர்ந்திருக்கும் டார்வினை ஏனோ விட்டுவிட்டார். 1809இல் இதே ஊரில் பிறந்தவர். அந்த நூலகக் கட்டடம் அவர் படித்த பள்ளிக்கூடம்.

க்ளைவுக்கு வருகிறேன். 1744இல் கம்பெனி எழுத்தராகச் சென்னைக்கு வந்து, 1751இல் ஆற்காட்டைப் பிடித்து, வங்காளத்தில் பெரும் பணம் சேர்த்து, ஊர் திரும்பி ஷ்ரூஸ்பரியின் எம்.பி.யாகவும் மேயராகவும் ஆனவர். 1860இல் சதுக்கத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். 2020இல் அதை அகற்றச் சொல்லிப் பலர் கையெழுத்திட்டு மனு கொடுத்தும் கவுன்சில் மறுத்துவிட்டது. ஆற்காட்டுக்காரர்களை யாரும் கேட்கவில்லை. க்ளைவ் விஷயத்தில் அது புதிதும் அல்ல.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாமல் போனது, ஸ்டேஷனிலிருந்து வடக்கே நடந்தே போய்விடக்கூடிய டிதரிங்டன் நூற்பாலை. கோவையில் பஞ்சாலை ஃபிட்டராகவே காலத்தைக் கழித்தவன் என்பதால் இந்த விடுதல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆளிச் செடியின் நாரிலிருந்து லினன் நூல் நூற்ற ஆலை அது. 1797இல் கட்டப்பட்டது, உலகிலேயே முதன்முதலாக இரும்புச் சட்டகத்தில் எழுந்த கட்டடம். இன்றைய வானளாவிய கட்டடங்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன்.

ஏன் இரும்பு? அந்தக் காலத்து ஆலைகளில் தூணும் தளமும் மரம். விளக்கு வெளிச்சம், எண்ணெய்ப் பிசுக்கு, காற்றெல்லாம் நார்த்தூசி. ஒரு பொறி விழுந்தால் போதும். இதன் முதலாளிகளுக்கு லீட்ஸ் நகரில் இருந்த ஆலை 1796இல் எரிந்து போனது. கூட்டாளியான சார்லஸ் பேஜ், ஒயின் வியாபாரி, வார்ப்பிரும்பில் தூணும் உத்தரமும் வடித்து, உத்தரங்களுக்கிடையே செங்கல் வளைவுகளைக் கட்டித் தளம் போட்டார். தூணைக் கிட்டே போய்ப் பாருங்கள்: வெட்டுமுகம் சிலுவை வடிவம், நடுவில் சற்றுப் பருத்து இரு முனையிலும் ஒடுங்கும். நீளமான தூண் வளைவது நடுவில்தான் என்று கணக்குப் போட்டு வார்த்திருக்கிறார்கள். எங்கள் மில்லில் தேய்ந்துபோன வார்ப்படங்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில், அந்த இடத்தை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை.

பெருமை மட்டுமே பேசுவதும் சரியல்ல. இந்த ஆலையில் ஏழு வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் 1832இல் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். பிள்ளைகள் தூங்கி விழுந்தால் மேஸ்திரி காலைப் பிடித்துத் தூக்கி, மூலையிலுள்ள இரும்புத் தண்ணீர்த் தொட்டியில் முக்கியெடுத்து மறுபடி வேலைக்கு அனுப்புவாராம். நைட் ஷிப்ட் பார்த்த எவருக்கும் அந்தத் தூக்கம் தெரியும்.

1897க்குப் பிறகு அது பார்லியை முளைகட்டும் மால்ட் ஆலையாக மாறியது. ஜன்னல்கள் பலவற்றைச் செங்கல் வைத்து அடைத்தது அப்போதுதான். 1987இல் மூடப்பட்டுப் பாழாய்க் கிடந்ததைப் பழுதுபார்த்து 2022இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

பயணத் தொடரின் அடுத்த பகுதியில் இந்த ஆலைக்கு நாலு வரியும் ஒரு படமும் தாருங்கள். க்ளைவைப் பார்த்தே தீருவேன் என்பவர்களை மேற்கே வேல்ஸ் எல்லைக்கு அப்பால் உள்ள போவிஸ் கோட்டைக்கு அனுப்புங்கள். சிலையைவிட அங்கே விஷயம் அதிகம்: க்ளைவின் மகன் சென்னை கவர்னராக இருந்தபோது வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தின் திப்பு சுல்தான் கூடாரமே அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர்,
சிங்காநல்லூர், கோவை.